மூணு மணிக்கு முடியுற பரீட்சை

மணி ரெண்டு ஏழு. இன்னும் அம்பத்து மூணு நிமிஷம் நான் பரீட்சை எழுதியாகணும். அருப்புக்கோட்டையில எங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும் நான் இப்போ ஜெர்மனியில கெம்னிட்ஸ் ஊர்ல ஒரு பெரிய ஹாலுக்குள்ள குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிட்டிருக்கேன். ஒரு மணிக்கு ஆரம்பிச்சு மூணு மணிக்கு முடியுற பரீட்சை, ஃபோனை வாங்கி வச்சிருவாங்க, நடுவுல யாரும் கூப்பிடாதீங்க. இப்படியெல்லாம் ஜோடிச்சுச் சொன்னது இந்த வாய்தான். நிஜத்துல நான் நிக்கிறது பிராக் நகரத்துல, ஆத்து மேல பழைய கல்பாலத்துல, ஜூன் மாச வெயில்ல, கையில சர்க்கரை புரட்டிச் சுட்ட ஒரு ரொட்டிக் குழலோட. என் அறைத்தோழி ஷெர்லின் வாங்கிக் கொடுத்தது. ஒரு கடி கடிச்சேன், அதோட சரி. பல்கலைக்கழகத்துல வெளிநாட்டு மாணவர்களுக்குன்னு போட்ட சனி, ஞாயிறு சுற்றுலா. முப்பத்தெட்டுப் பேரு, ஒரு பஸ்ஸு, முன்னாடி மஞ்சக் குடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு லூக்காஸ்னு ஒருத்தன், எங்களை ஆட்டு மந்தை மாதிரி ஓட்டிக்கிட்டுப் போறான். எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க. அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு. எங்கிட்ட மறைக்கிறாங்க. ஏன் மறைக்கிறாங்கன்னா நான் பரீட்சை எழுதுறேன். கூப்பிட்டுக் கேக்கலாம்னா கேக்க முடியாது, ஏன்னா நான் பரீட்சை எழுதுறேன். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

ஏன்டி காளீஸ்வரி, உனக்கு இந்தப் பொய் தேவையா? தேவையாத்தான் இருந்துச்சு. பிப்ரவரியில ஒரு பேப்பர் போயிருச்சு. அப்பாகிட்டச் சொன்னப்ப, "விடு பாப்பா, ஒரு பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு"ன்னாரு. இருபத்தொன்பது வருஷம் கண்டக்டர், வேற எப்படிச் சொல்லுவாரு. அவரு திட்டியிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல, நானும் ரெண்டு வார்த்தை கூடப் பேசியிருப்பேன், சரியாப் போயிருக்கும். அன்னிக்கு ராத்திரி அவரு சாப்பிடாமப் படுத்துட்டாருன்னு அண்ணன் சொன்னானே, அதுதான் இன்னிக்கு வரைக்கும் நெஞ்சுல முள்ளாக் கிடக்கு. அந்தப் பேப்பரை மறுபடி எழுதுறது ஜூலை பதினெட்டு. அதுக்கு மூணு வாரம் முன்னாடி, ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? மதுரைக்குத் தினம் மூணு தடவை போயிட்டு வர்ற மனுஷன், மீனாட்சி கோயிலுக்குள்ள போய் ஆறு வருஷம் ஆச்சும்பாரு. மாட்டுத்தாவணியில பஸ்ஸை நிறுத்தி டீயைக் குடிச்சிட்டு அடுத்த விசில். அவரு மக அரண்மனை பாக்கப் போறா, பாலம் பாக்கப் போறா. சொல்ல வாய் வரல. புதன்கிழமை கூப்பிட்டப்ப, சனிக்கிழமை எனக்குப் பரீட்சை, அதனால வெள்ளிக்கிழமையில இருந்து அதிகமாப் பேச முடியாதுன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளைக்கு ஒரு சின்னப் பொய். திரும்பி வந்ததும் நிஜமாவே உக்காந்து படிச்சு, ஜூலையில நிஜமாவே எழுதி, எல்லாம் நேராயிரும்னு ஒரு கணக்கு. நல்லா வருவடி நீ.

வியாழக்கிழமை அம்மாதான் முதல்ல சொன்னா, அப்பாவுக்கு நெஞ்சு கரிக்குதாம், வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி போட்டுக் குடுத்திருக்கேன்னு. அப்பா ஃபோனை வாங்கி, "ஒண்ணுமில்ல பாப்பா, சனிக்கிழமைதானே பரீட்சை, பதறாம எழுது"ன்னாரு. அவ்வளவுதான் பேசினாரு. எப்பவும் பத்து கேள்வி கேப்பாரு, அங்க பஸ்ஸுல கண்டக்டர் இல்லாம சனங்க எப்படி ஒழுங்கா டிக்கெட் எடுக்குதுன்னு நாலாவது தடவையாக் கேப்பாரு. அன்னிக்குக் கேக்கல. நானும் பை அடுக்குற அவசரத்துல வச்சிட்டேன். நேத்து, வெள்ளிக்கிழமை, நம்மூர் நேரம் சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா நம்பருக்குக் கூப்பிட்டேன், அண்ணன் எடுத்தான். அப்பா தூங்குறாருன்னான். ஏழு மணிக்கா? செய்தி பாக்காம, ஒம்பது மணிக்கு முன்னாடி கண்ணை மூடாத மனுஷனா? சரி, மாத்திரை போட்டிருப்பாருன்னு நினைச்சேன். ஆனா அண்ணன் எங்கிட்ட, "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டான். பொறந்ததுல இருந்து கழுதை, எருமை, மிஞ்சிப் போனா ஏய். இந்த அம்மா எங்கிருந்து வந்துச்சு? பேசி முடிக்கிறதுக்குள்ள ரெண்டாவது தடவையும் கேட்டான், சாப்பிட்டியான்னு. அப்புறம், "நாளைக்குப் பரீட்சை முடிஞ்சு வெளிய வந்ததும் முதல்ல எனக்குத்தான் கூப்பிடணும், அம்மாவுக்குக் கூப்பிடாத"ன்னான். இன்னிக்குக் காலையில மனசு கேக்காம அம்மாவுக்கே கூப்பிட்டேன். மதினி எடுத்தா. அத்தை குளிக்கிறாங்கன்னா. அவ பேசும்போது பின்னாடி ஒரு சத்தம், பிளாஸ்டிக் சேரை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருப்பாங்கல்ல, அதை உருவி உருவித் தரையில போடுற சத்தம். என்ன மதினி சத்தம்னா, பக்கத்து வீட்ல விசேஷம்னா. பக்கத்து வீட்ல இருக்கிறது ரிட்டயர் ஆன ஒத்தை வாத்தியார், அவருக்கு என்ன விசேஷம், காதுகுத்தா? எங்க குடும்பக் குரூப்புல நாப்பத்தொரு பேரு. விடிஞ்சா பூப்படம், சாமிப் படம், காலை வணக்கம்னு கண்ணைக் கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து அதுல ஒரு ஈ காக்கா இல்ல. சித்தி மட்டும் எதையோ போட்டு அழிச்சிருக்கா. அழிச்சிருக்கான்னு மட்டும் காட்டுது. சித்தி, என்னத்தைப் போட்ட நீ?

எனக்கு இதெல்லாம் தெரியாதா? இந்த வேலையை நானே செஞ்சவதானே. அண்ணன் பிளஸ் டூ எழுதுனப்ப நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை சிவகாசி மாமா செத்துப்போனாரு, அம்மா கூடப் பொறந்த ஒரே ஆளு. அண்ணனுக்கு வியாழக்கிழமைதான் கடைசிப் பேப்பர். வீட்ல யாரும் வாயைத் திறக்கல. உன் பரீட்சைக்காக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டேன், போய் ரெண்டு நாள் தங்கிட்டு வர்றேன்னு அவங்கிட்டச் சொல்லிட்டு அம்மா சாவுக்குப் போனா. அப்பா லீவு போட்டுச் சமைச்சாரு. எனக்குப் பதினோரு வயசு, என்னைத் தெருமுனையில நிறுத்தினாங்க. துக்கம் கேக்க வர்றவங்களை நான் மறிச்சு, "அண்ணனுக்குப் பரீட்சை, வியாழக்கிழமை வாங்க"ன்னு சொல்லணும். ஒருத்தர் கூடக் கோவிச்சுக்கல. வந்த பொம்பளைங்க அழுகையை அப்படியே முழுங்கிட்டு, நல்லா எழுதச் சொல்லும்மான்னு என் கன்னத்தைத் தடவிட்டுத் திரும்பிப் போனாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதும்பாங்க. எங்க தெருவே சேர்ந்து நாலு நாள் மறைச்சுச்சு. பரீட்சைன்னா அப்படி. சாவு காத்திருக்கும், கல்யாணம் காத்திருக்கும், ஒரு புள்ள பரீட்சை எழுதுதுன்னா எமனே வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உக்காரணும். வேலையைக் கச்சிதமா முடிச்சேன்னு எனக்குப் பாராட்டு வேற. அதனாலதான் எனக்குத் தெரியும், மறைக்கிறவங்க குரல் எப்படி இருக்கும்னு. ரொம்பப் பாசமா இருக்கும். சண்டையே போட மாட்டாங்க. எதைக் கேட்டாலும் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லுவாங்க.

ஆனா ஒண்ணு இருக்கு, அதைத்தான் காலையில இருந்து பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்கேன். அண்ணன் அந்த வியாழக்கிழமை ஆடுன ஆட்டம். அப்பா அவனை உக்கார வச்சு, தண்ணி குடுத்து, விஷயத்தைச் சொன்னதும் சொம்பை விட்டெறிஞ்சான். மாமா அங்க வெந்துக்கிட்டிருக்கும்போது என்னை இங்க கிரிக்கெட் ஸ்கோர் கேக்க விட்டீங்களேன்னு கத்துனான். ஒரு மாசம் அப்பாகிட்டப் பேசல. எனக்குச் செஞ்ச மாதிரி எவனுக்கும் செய்யக் கூடாது, என் உயிர் போனாலும் நான் செய்ய மாட்டேன்னு சொன்னான். அப்படிப்பட்டவன் எங்கிட்ட மறைப்பானா? மறைக்க மாட்டான். அப்போ ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில சேத்திருப்பாங்க, ஒரு நாள் வச்சுப் பாத்துட்டு அனுப்பிருவாங்க, அதைச் சொன்னாப் பதறுவேன்னு சொல்லல. அவ்வளவுதான். அவ்வளவுதானே? அப்புறம் சேர் சத்தம் வருது. மறுபடி முதல்ல இருந்து.

"ஏட்டி காளி, நானும் காலையில இருந்து பாக்கேன், பேய் அடிச்சவ கணக்கா நிக்கே. தின்னுட்டி அத, ஆறிப்போவுது பாரு." ஷெர்லின் நாகர்கோவில்காரி, மனசுல எதையும் வச்சுக்க மாட்டா. பஸ்ஸுல வரும்போதே அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். பேசாம உண்மையைச் சொல்லி ஃபோனைப் போடு, ஏச்சு கேட்டாக் கேட்டுட்டுப் போ, இதுக்குப் போயா இந்தக் கூத்துன்னு அவ அப்பவே சொன்னா. இப்பவும் அதையேதான் சொல்றா. பாலத்துல ஒரு சாமியார் சிலை இருக்கு, அதுக்குக் கீழ ஒரு பித்தளைத் தகடு, எல்லாரும் தொட்டுத் தொட்டு ஒரு இடம் மட்டும் பளபளன்னு கிடக்கு. தொட்டா நினைச்சது நடக்குமாம். எங்க கூட்டம் வரிசை கட்டி நிக்குது. நானும் போய் நின்னேன், வெக்கம் என்ன வேண்டிக் கிடக்கு. கையை வச்சேன், வெயில்ல சூடா இருந்துச்சு. இருக்கன்குடித் தாயே, இது யாருன்னு எனக்குத் தெரியாது, நீ பேசிக்கோ, எங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது. பின்னாடி நின்ன கொரியாக்காரப் பிள்ளை என் முழங்கையைத் தொட்டுச் சிரிச்சா, நகரணுமாம். நகந்தேன். ஒரு மணிக்கே அமத்தி வச்ச ஃபோனை எடுத்து உசிர் குடுத்தேன். அண்ணன் நம்பர் மேல விரலை வச்சேன். சொல்லிரு. அண்ணே, எனக்குப் பரீட்சையே இல்ல, ஊர் சுத்த வந்திருக்கேன், அப்பாவுக்கு என்ன? இவ்வளவுதான், பத்து வார்த்தை கூட இல்ல. விரல் அழுத்தல. ஏச்சுக்குப் பயந்துன்னு ஷெர்லின் நினைக்கிறா. ஏச்சா? அப்பா எழுந்து உக்காந்து என்னைச் செருப்பால அடிக்கட்டும், சந்தோஷமா வாங்கிக்குவேன். கேட்டாத் தெரிஞ்சிரும், அதுதான். மூணு மணி வரைக்கும் எங்கப்பா தூங்குறாரு. நானாப் போய் எதுக்கு எழுப்பணும்? ஃபோனை மறுபடி அமத்திட்டேன்.

ரெண்டு முப்பத்தஞ்சு. பாலம் முடிஞ்சு சந்துக்குள்ள வந்தாச்சு, கருங்கல் பாவுன தெரு, செருப்பு வழுக்குது. லூக்காஸ் நின்னு எண்ணுறான், ஒவ்வொருத்தரையும் விரலை நீட்டி நீட்டி எண்ணுறான், பாதியில விட்டுட்டு மறுபடி எண்ணுறான். அப்பா அப்படி எண்ண மாட்டாரு. படியில நின்னு ஒரு பார்வை பாப்பாரு, பின்னாடி மூணாவது சீட்ல இருந்து ஒரு கிழவி இறங்கலைன்னு அவருக்குத் தெரிஞ்சிரும். "பாலவனத்தம் ஆத்தா, தூங்கிட்டியா, உன் ஊரு வந்துருச்சு"ம்பாரு. எனக்கு லீவு விட்டா அவரு பஸ்ஸுல ஏறி மதுரைக்குப் போயிட்டுத் திரும்பி வருவேன், டிரைவருக்குப் பின்னாடி சீட்டு எனக்குன்னே. இந்தப் பஸ்ஸுல அவரை ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம். ஜன்னலோரமா உக்காருங்கப்பா, இன்னிக்கு நீங்க டிக்கெட் குடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். படிச்சு முடிச்சு வேலைக்குப் போனதும் கூட்டிக்கிட்டு வரணும்னு இருந்தேன். இருந்தேனா? என்ன இருந்தேன், இருக்கேன். வாயைக் கழுவு. ஏன் நான் முடிஞ்ச கதை மாதிரி நினைக்கிறேன்? நினைக்க நினைக்கத்தான் நடக்கும்னு அம்மா சொல்லுவா. நல்லதையே நினை. நல்லதையே நினைச்சா சேரை உருவுற சத்தம்தான் கேக்குது. அந்த வீட்ல நூறு பேரு உக்காந்திருக்காங்கன்னா, தெருமுனையில யாரை நிறுத்தியிருக்காங்க? யாரையும் நிறுத்த வேண்டாம். நான் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருக்கேன், என் ஃபோனை நானே அமத்தி வச்சிருக்கேன். இவ்வளவு ஒத்தாசையா எவ இருப்பா?

ரெண்டு அம்பத்தெட்டு. சதுக்கத்துல காலை வைக்க இடமில்ல. கோபுரத்துல ஒரு பழைய கடிகாரம், மணிக்கு ஒரு தடவை ஜன்னல் திறந்து பொம்மையெல்லாம் வருமாம், அதுக்கு ஆயிரம் பேரு ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து நிக்கிறாங்க. எலும்புக்கூடு ஒண்ணு மணி அடிக்கும்டின்னு ஷெர்லின் காட்டினா. ஏன்டி, உனக்கு வேற பொம்மையே கிடைக்கலையா? நான் கூட்டத்தை இடிச்சுக்கிட்டு வெளிய வந்து ஒரு வளைவுக்குக் கீழ சுவரோரமாப் போய் நின்னேன். ஷெர்லின் பின்னாடியே வந்து, என் பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டா. மணி அடிச்சுச்சு. எழுதுனது போதும், பேப்பரைக் குடு. பத்து வார்த்தையையும் மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாத்தேன், எனக்குப் பரீட்சையே இல்லண்ணே. அழுத்திட்டேன். ஒரு ரிங் கூட முழுசாப் போகல, எடுத்துட்டான்.

"முடிஞ்சுதாம்மா?"

முடிஞ்சுதுன்னேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்துச்சோ, முந்திக்கிட்டு வந்துருச்சு. சதுக்கத்துல எல்லாரும் ஓன்னு கத்திக் கை தட்டுறாங்க. அது என்ன சத்தம்னான். எல்லாரும் பரீட்சை முடிஞ்சு வெளிய வர்றாங்கண்ணே. "அந்த நாகர்கோவில் பிள்ளை பக்கத்துல இருக்கா? அவகிட்டக் குடு." "எங்கிட்டயே சொல்லு. அப்பாதானே?" அப்புறம் சொன்னான், நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு, மதுரை ஆஸ்பத்திரியில. இன்னிக்கு நாலு மணிக்கு எடுத்துட்டோம்மா. எடுத்துட்டோம். நம்மூர் நாலு மணின்னா இங்க பன்னிரண்டரை. பன்னிரண்டரைக்கு நான் கோட்டை வாசல்ல முப்பத்தெட்டுப் பேரோட நின்னு போட்டோவுக்குச் சிரிச்சேன். லூக்காஸ் இன்னொரு தடவைன்னான், இன்னொரு தடவையும் சிரிச்சேன். அப்பா, அய்யோ அப்பா. அப்படியே தரையில உக்காந்துட்டேன். ஷெர்லின் என் தலையை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டா.

அண்ணன் நிறுத்தாமப் பேசுறான், ரெண்டு நாளா அடக்கி வச்சதெல்லாம் வருது. "ஐஸ் பெட்டியில வச்சு நீ வர்ற வரைக்கும் காத்திருப்போம்னு பெரியப்பா சொன்னாரும்மா. நான்தான் வேண்டாம்னேன், நீ வரணும்னா நேத்தே உனக்குச் சொல்லியாகணும்ல. எனக்கு மறைச்சதுக்கு நான் என்ன ஆட்டம் ஆடினேன்னு உனக்குத் தெரியும். நானே உனக்குச் செஞ்சுட்டேன். நேத்துக் காலையில ஆட்டோவுல ஏறும்போது அப்பா என் கையைப் பிடிச்சு, பாப்பா பரீட்சை முடியுற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. போற வழியிலயும் அதேதான். அதை மீற என்னால முடியல. முகத்தைக் கூட உனக்குக் காட்டாம எடுத்துட்டேன். நான் செஞ்சது தப்பாம்மா? தப்புன்னா சொல்லிரு."

பரீட்சையே இல்லண்ணே. வாயில நிக்குது, துப்பிட்டா முடிஞ்சுது, எனக்கு மட்டும் முடிஞ்சுது. இல்லாத பரீட்சைக்காக அப்பாவை அவசரமா எடுத்துட்டோம்னு மொட்டைத் தலையோட அங்க உக்காந்திருக்கிறவன் அதை எங்க கொண்டு போய் வைப்பான்? நான் திட்டு வாங்கிக் கழுவிக்கலாம், அவன் சாகுற வரைக்கும் சுமப்பான். பாவி, நீ செஞ்சதை நீயே வச்சுக்கோ.

"தப்பில்லண்ணே. சொல்லியிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

"எழுதினியா? நல்லா எழுதினியாம்மா?"

"நல்லா எழுதியிருக்கேண்ணே. எல்லாக் கேள்விக்கும் எழுதிட்டேன்."

அவன் ஓன்னு உடைஞ்சு அழுதான், ஃபோனைக் கையில பிடிச்சபடியே உள்ள ஓடுற சத்தம் கேட்டுச்சு, "அம்மா, பாப்பா நல்லா எழுதியிருக்காளாம்மா"ன்னு கத்துறான். அப்புறம் அம்மா குரல், மாருல அடிச்சுக்கிட்டு, "ஏங்க, உங்க மக எல்லாக் கேள்விக்கும் எழுதிட்டாளாம்ங்க, கேட்டீங்களா, ஒண்ணு விடாம எழுதிட்டாளாம்ங்க"ன்னு அப்பாகிட்டச் சொல்றா. அதைக் கேட்டு பெரியம்மா சேர்ந்தா, சித்தி சேர்ந்தா. எல்லாரும் என் பரீட்சையை வச்சு ஒப்பாரி சொல்ல ஆரம்பிச்சாங்க.